விரலுக்கும் வெடிக்கும் நடுவே

ரைஃபிளால் சுடுபவரின் விரல் தோட்டாவை நேரடியாக வெடிக்கச் செய்வதில்லை. தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டை இயக்கும்போதே அழுந்திவிடும் ஒரு சுருள்வில், சுடுமுள்ளை முன்னால் பாய்ச்சக் காத்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சியர் எனப்படும் சிறிய எஃகுத் துண்டு. சியரைத் தாங்கி நிற்பது விசை, பேச்சு வழக்கில் டிரிகர். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் விளிம்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது. விரல் அந்த விளிம்பை விலக்குகிறது. மற்றவை தாமாக நடக்கின்றன. ஆகவே சுடுதல் என்பது, கூர்ந்து பார்த்தால், ஒரு தடையை நீக்கும் செயல். விரல் படாமலே அந்தத் தடை நழுவிவிட்டால், நடந்தது யாருடைய செயல்? துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவருடையதா, விசையைச் செய்தவருடையதா, அதை வாங்கிப் பொருத்தியவருடையதா, அல்லது எவருக்கும் உரியதல்லாத விபத்தா? தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய விசையைக் கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் விசையைத் தேடுபவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கேள்விக்குள் நுழைந்துவிடுகிறார்.

மாற்று விசைகளுக்கான பெரிய சந்தை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கு வேட்டைக்கும் இலக்குப் போட்டிக்கும் ரைஃபிள் வைத்திருப்போர் விசையை மாற்றுவதற்குச் சொல்லும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: தொழிற்சாலை விசை கனமாக இருக்கிறது, சொரசொரப்பாக இழுபடுகிறது. எம்-16 வகை ராணுவ ரைஃபிளின் விசைக்கு 5.5 முதல் 9.5 பவுண்டு வரை, அதாவது சுமார் 2.5 முதல் 4.3 கிலோ வரை இழுப்பு தேவை. துப்பாக்கியே பல சமயம் அதைவிட லேசாக இருக்கும் என்பதால், கனமான இழுப்பு குழலை அசைத்துக் குறியைக் கெடுக்கிறது. வேட்டைக்காரர்கள் பொதுவாக இரண்டரை முதல் நான்கு பவுண்டு வரையிலான இழுப்பை விரும்புகிறார்கள். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிள் போட்டியில் இழுப்பு 1500 கிராமுக்குக் குறையக் கூடாது. மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களோ இரண்டு அவுன்ஸ், சுமார் 57 கிராம், இழுப்பில் விடுபடும் விசைகளைப் பயன்படுத்துகிறார்கள். 1946 முதல் இத்தொழிலில் இருக்கும் டிம்னி, விசைக்கும் சியருக்கும் நடுவே ஓர் உருளையை வைத்து உராய்வைக் குறைக்கும் கனடாவின் டிரிகர்டெக், ஏ.ஆர். வகை ரைஃபிள்களுக்கான இரண்டு கட்ட விசைகளால் பெயர் பெற்ற கைஸ்லி ஆகியவை இந்தச் சந்தையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

இவற்றுள் எது நம்பகமானது என்ற கேள்விக்கு விற்பனைத் தாள்கள் சொல்லும் விடை பாதிதான். ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், ஒரே இடத்தில், தயக்கமின்றி விடுபடுவதை அவை நம்பகம் என்கின்றன. அது சரிதான். ஆனால் விசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வேலையிலேயே கழிகிறது. சுடாமல் இருப்பதுதான் அந்த வேலை. துப்பாக்கி கீழே விழும்போதும், வண்டியில் குலுங்கும்போதும், போல்ட் வேகமாக அறையப்படும்போதும், சேஃப்டி எனப்படும் பாதுகாப்புத் தாழ் நகர்த்தப்படும்போதும் அது சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. விளிம்பின் அகலத்தையும் வில்லின் அழுத்தத்தையும் குறைத்தால் விசை இனிமையாக விடுபடும். அதே குறைப்பு அதை எளிதில் நழுவவும் வைக்கும். நல்ல விசையின் விலை, இந்த இழுபறியை உலோகத்தின் கடினத்தாலும் விளிம்பின் துல்லியத்தாலும் எவ்வளவு தூரம் தணிக்கிறார்கள் என்பதற்கான விலையே.

கருவி தானாகச் செய்த தீங்கை யார் தலையில் வைப்பது என்ற விவாதம் துப்பாக்கிக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. ஏதென்ஸில் ஒரு விளையாட்டுப் போட்டியில் எறியப்பட்ட ஈட்டி தவறுதலாக ஒருவரைக் கொன்றது. குற்றம் ஈட்டியுடையதா, எறிந்தவருடையதா, போட்டியை நடத்தியவர்களுடையதா என்று பெரிக்ளீஸும் புரொத்தகோரஸும் ஒரு பகல் முழுவதும் விவாதித்ததாக புளூடார்க் எழுதிய பெரிக்ளீஸ் வரலாறு கூறுகிறது. இதைப் பெரிக்ளீஸின் மகன் தந்தையைக் கேலி செய்வதற்காகப் பரப்பினானாம். கேலிக்குரிய கேள்வியாக அதை ஏதென்ஸ் கருதவில்லை என்பதற்கு அந்நகரின் சட்டமே சான்று: மனிதரைக் கொன்ற உயிரற்ற பொருள்களை விசாரிக்கும் நீதிமன்றம் ஒன்று அங்கு இருந்தது. பிளேட்டோவும் தமது ‘சட்டங்கள்’ நூலில், இடி முதலிய தெய்வச் செயல்கள் நீங்கலாக, ஆளைக் கொன்ற உயிரற்ற பொருளை விசாரித்து நாட்டின் எல்லைக்கு வெளியே எறிய வேண்டும் என்று விதிக்கிறார். சாவுக்குக் காரணமான பொருளை அரசு பறிமுதல் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் 1846 வரை சட்டமாகவே இருந்தது. ரயில் எஞ்சின்கள் ஆட்களைக் கொல்லத் தொடங்கி, அவற்றின் மதிப்பு பெருந்தொகை ஆனபிறகுதான் அதை ஒழித்தார்கள். இன்று பொருளை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆனால் “துப்பாக்கி வெடித்துவிட்டது” என்று சொல்லும்போது, பொருளை எழுவாயாக்கி மனிதர் ஒதுங்கிக்கொள்ளும் அந்தப் பழைய மனம் இன்னும் பேசுகிறது.

அரிஸ்டாட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் விரும்பிச் செய்த செயலையும் விரும்பாமல் நிகழ்ந்ததையும் பிரிக்கும் இடத்தில், துப்பாக்கி விசைக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். கவண்பொறி எப்படி இயங்குகிறது என்று காட்ட மட்டுமே நினைத்த ஒருவன், அதை உண்மையிலேயே விடுத்துவிட்டான் என்பது அவருடைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. கவண்பொறியும் சேமித்த ஆற்றலை ஒரு தடை பிடித்து வைத்திருக்கும் கருவிதான். அறியாமையால் நேர்ந்தது, பின்னர் செய்தவன் அதற்காக வருந்துகிறான் என்றால் அச்செயல் விரும்பாமல் நடந்தது என்பது அவர் முடிவு. ஆனால் அங்கேயே அவர் நின்றுவிடவில்லை. அதே பகுதியில் சற்றுத் தள்ளி, அறியாமைக்குத் தானே காரணமானவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்கிறார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை என்ற சட்டத்தைச் சுட்டுகிறார். ஏனெனில் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. கவனமாக இருக்கும் ஆற்றல் உள்ளவன் கவனமின்மையைக் காரணம் காட்ட முடியாது. இந்த இரண்டாவது கருத்து, செயலின் நேரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கவண் விடுபட்ட நொடியை மட்டும் பார்த்தால் போதாது. அதைத் தொடுவதற்கு முன் அவன் என்ன செய்திருக்க முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

இந்தப் பின்னோக்கிய பார்வையை அமெரிக்காவில் மிகக் கடுமையாகச் சோதித்தது ரெமிங்டன் நிறுவனத்தின் விசை வழக்கு. மைக் வாக்கர் என்னும் பொறியாளர் உருவாக்கிய விசை 1948-இல் 721, 722 என்ற மாடல்களில் வந்தது. 1962-இல் அறிமுகமாகி உலகில் மிக அதிகமாக விற்ற போல்ட் ரைஃபிள்களில் ஒன்றான மாடல் 700-இலும் தொடர்ந்தது. அந்த விசையில் சியரைத் தாங்குவது விசைத் துண்டு நேரடியாக அல்ல. அதன்மேல் வில்லின் அழுத்தத்தால் ஒட்டி நிற்கும் கனெக்டர் என்ற மெல்லிய எஃகுத் தகடு. ஒவ்வொரு முறை சுடும்போதும் தகடு விசையிலிருந்து சற்று விலகி, பிறகு தன் இடத்துக்குத் திரும்பும். விடுபடுதல் மிக நேர்த்தியாக அமைந்ததற்கு இந்தத் தகடும் ஒரு காரணம். ஆனால் அது விலகும் இடைவெளியில் தூசியோ காய்ந்த எண்ணெயோ உலோகத் துகளோ புகுந்தால், தகடு முழுமையாகத் திரும்பாது. சியர் அதன் ஓரத்தில் நூலளவு தாங்கலில் நின்றுகொண்டிருக்கும். பிறகு சேஃப்டியை விடுவித்தாலோ, போல்ட்டைத் தொட்டாலோ, லேசாக இடித்தாலோ வெடிக்கலாம் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். சேஃப்டியை விடுவிக்கும்போது வெடித்தல், போல்ட்டை மூடும்போது வெடித்தல், திறக்கும்போது வெடித்தல், அதிர்வில் வெடித்தல் என ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் ஆவணங்களிலேயே சுருக்கெழுத்துப் பெயர்கள் இருந்தன. விசை அசையாதபடி பூட்டும் கூடுதல் சேஃப்டி ஒன்றை வாக்கர் 1948-லேயே முன்மொழிந்ததையும், அதன் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை செண்ட் என்று கணக்கிடப்பட்டதையும் நீதிமன்றத்தில் வெளியான தாள்கள் காட்டின. வடிவமைப்பில் குறையில்லை என்று நிறுவனம் கடைசிவரை சொன்னது.

இன்னொரு சிக்கலும் அதில் இருந்தது. 1982-க்கு முன் செய்யப்பட்ட மாடல் 700-இல் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். துப்பாக்கியை ஆபத்தற்றதாக்கச் செய்யும் முதல் அசைவே அதை வெடிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மொண்டானா மாநிலத்தில் வேட்டை முடிந்து தோட்டாவை அகற்றும் வேளையில் இப்படி ஒரு ரைஃபிள் வெடித்து, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். துப்பாக்கி அவனுடைய தாயின் கையில் இருந்தது. சேஃப்டியை நகர்த்தியதுதான், விசையைத் தொடவில்லை என்று குடும்பம் சொன்னது.

இங்கே ஒழுக்கக் கேள்வியோடு அறிவு பற்றிய கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. வாக்கர் விசையின் கோளாறு சுவடு விட்டுச் செல்லாதது. வெடித்த அதிர்விலேயே துகள் விழுந்துவிடலாம், தகடு தன் இடத்துக்குத் திரும்பிவிடலாம். சோதனைக்கூடத்துக்கு வரும்போது துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யும். “மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை” என்று அறிக்கை எழுதப்படும். அப்போது எஞ்சுவது இரண்டே: விரல் விசையில் இல்லை என்று சொல்லும் மனிதரின் வாய்மொழி, குறையின்றி இருக்கும் ஊமை இயந்திரம். இயந்திரம் பொய் சொல்லாது, மனிதர் பதற்றத்தில் மறப்பார் என்று கொள்வதே இயல்பு. பல ஆண்டுகள் அந்த இயல்பு நிறுவனத்துக்கு உதவியது. பாதிக்கப்பட்டவர்களிலேயே சிலர், தம் விரல்தான் தம்மை அறியாமல் பட்டிருக்குமோ என்று ஐயுறும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பர் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. ஒரு முறை நிகழாததால் அது நிகழவே முடியாது என்று முடிவு கட்டக் கூடாது என்பது தர்க்கத்தின் பால பாடம். விசையை வாங்குபவருக்கும் இது பொருந்தும். ஆயிரம் முறை தவறாமல் இயங்கிய விசை, ஆயிரத்தோராவது முறையைப் பற்றி எதையும் நிரூபித்துவிடவில்லை. அதன் அமைப்பு எந்தக் கோளாறுக்கு இடம் தருகிறது, எதற்கு இடமே தரவில்லை என்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த ஆயிரத்தைவிட அதிகம் தெரியும்.

செயலின் பாரம் எண்ணத்தில் இருக்கிறதா, உடல் செய்ததில் இருக்கிறதா என்ற கேள்வியில் இந்தியாவின் இரண்டு துறவு மரபுகள் நேருக்கு நேர் மோதியுள்ளன. பாலி மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், உடலால் செய்யும் தீங்கே கொடியது என்று நிகண்டர் எனப்பட்ட சமணர் தரப்பு வாதிடுகிறது; மனத்தால் செய்வதே கொடியது என்று புத்தர் மறுக்கிறார். சேதனை, அதாவது எண்ணிச் செய்தலே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை. சமணத்தின் பழைய ஆகமங்களில் ஒன்றான சூத்ரகிருதாங்கம் இதை ஒரு விகாரமான எடுத்துக்காட்டால் எள்ளுகிறது: சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துக் குத்தியவன் கொலைகாரன், குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துக் குத்தியவன் குற்றமற்றவன் என்றாகிவிடுமே! பௌத்தரின் வாயில் சமணர் வைத்த வாதம் இது. நேர்மையான சுருக்கம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது சுட்டும் ஓட்டை உண்மையானது. எண்ணம் மட்டுமே அளவுகோல் என்றால், பழுதான விசையோடு திரிபவர் எவருக்கும் தீங்கு நினைக்காத நல்லவராகவே இருந்துவிடுவார்.

பௌத்த விநயம் அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது. துணி மூடிய பீடத்தில் ஒரு துறவி அமர்ந்தபோது அடியில் இருந்த குழந்தை இறந்துவிட்டது என்றொரு வழக்கு விநய பிடகத்தில் வருகிறது. கொல்லும் எண்ணம் இல்லாததால் அது கொலைக் குற்றம் ஆகவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே புதிய விதி ஒன்று பிறக்கிறது: பீடத்தைச் சோதிக்காமல் எவரும் அமரக் கூடாது, அமர்ந்தால் அதுவே குற்றம், குழந்தை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும். தோட்டா அறையைத் திறந்து பார்க்காமல் துப்பாக்கியைக் கையாளாதே என்று இன்று சொல்லித்தரப்படும் விதியின் நியாயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

சமணம் இன்னும் தெளிவான இடத்துக்குப் போகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் சொல்லி விடவில்லை. பிரமாதத்தோடு, அதாவது அசட்டையோடு கூடிய செயலால் உயிர் போவதே இம்சை என்கிறது. தமிழ்நாட்டில் வந்தவாசி அருகே பொன்னூர் மலையில் தவம் செய்தார் என்று மரபு போற்றும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் ஒரு படி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் பிழைத்தாலும், அசட்டையாக நடப்பவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனை, தவிர்க்க முடியாமல் நேர்ந்த உயிரிழப்பு மட்டும் வினையில் பிணிப்பதில்லை என்பது அவர் கருத்து. எறும்பு மிதிபடாமல் பார்த்து நடக்கும் துறவிக்காகச் சொல்லப்பட்டது இது. ஆயுதத்தைத் தொடவே கூடாது என்பவர் சொன்னதை ஆயுத உறுப்பு ஒன்றைத் தேர்வதற்குப் பொருத்துவது முரண் என்று தோன்றலாம். குந்தகுந்தர் துப்பாக்கியை அனுமதிப்பார் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. தீங்கு எங்கே தொடங்குகிறது என்று அவர் காட்டிய இடத்தைத் துப்பாக்கி வைத்திருப்பவரும் கடந்துபோக முடியாது என்பதே செய்தி.

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியல் இதே இடத்தில் தடுமாறியது. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்’ என்ற பொருளில் ஒன்றுக்கு மற்றொன்று விடையாக இரண்டு கட்டுரைகள் வாசித்தார்கள். நேகலின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட ஓட்டுநர். குறுக்கே குழந்தை ஓடி வந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் தம்மை நொந்துகொள்வார். வராவிட்டால் அதே அசட்டை எவர் கண்ணிலும் படாமல் போகும். இருவர் செய்ததும் ஒன்றே, பழி மட்டும் வேறு என்பதை எப்படி நியாயப்படுத்துவது? வில்லியம்ஸ் இதை அறிவால் தீர்க்க முயலவில்லை. தவறே செய்யாத லாரி ஓட்டுநரிடத்திலும், வேடிக்கை பார்த்தவரிடத்தில் இல்லாத ஒரு வருத்தம் இருக்கும். அது இல்லாத மனிதரை நாம் விரும்ப மாட்டோம் என்கிறார். குந்தகுந்தரின் விடை இதைவிடக் கடுமையானது, ஒருவகையில் நேர்மையானதும்கூட. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு ஓட்டுநர்களும் ஒரே தட்டில்தான். மொண்டானா தாயின் வருத்தத்தைப் புரிந்துகொள்ள வில்லியம்ஸ் உதவுவார். இன்று வீட்டு அலமாரியில் அழுக்கேறிய விசையோடு ஒரு ரைஃபிளை வைத்துக்கொண்டு, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்று இருப்பவருக்குக் குந்தகுந்தர்தான் பொருத்தம்.

அப்படியானால் விசையைத் தேர்வதில் கவனம் என்பது நடைமுறையில் என்ன? முதலாவது, எடையைப் பயன்பாடு தீர்மானிக்க வேண்டும், ஆசை தீர்மானிக்கக் கூடாது. மேசைமேல் அசையாமல் கிடக்கும் போட்டித் துப்பாக்கிக்கு ஏற்ற 57 கிராம், குளிரில் விறைத்த விரலோடும் கையுறையோடும் காட்டில் நடக்கும் வேட்டைக்காரருக்குக் கேடு. விறைத்த விரலுக்கு அந்த எடை தெரியவே தெரியாது. தெரியாமல் நடப்பதைத்தான் அரிஸ்டாட்டில் விரும்பாமல் நடப்பது என்றார், அந்தத் தெரியாமையைக் காசு கொடுத்து வாங்கியவரை அவர் மன்னிக்கவும் மாட்டார். வேட்டைக்கு இரண்டரை பவுண்டுக்குக் கீழே இறங்க நல்ல காரணம் ஏதும் இல்லை. இரண்டாவது, இரண்டு கட்ட விசை தொடக்கக்காரருக்குத் தகுந்தது. அதில் விசை முதலில் லேசாக ஓடி, பிறகு சுவரில் முட்டியது போல் நிற்கும். அதைத் தாண்டி அழுத்தினால்தான் விடுபடும். அந்த நிற்றல், சுடலாமா என்று கேட்பதற்கும் வேண்டாம் என்று விரலை எடுப்பதற்கும் உடலுக்குத் தெரியும் ஓர் எல்லையைத் தருகிறது. மூன்றாவது, குப்பை புகுந்தாலும் சியரின் தாங்கல் குறையாத அமைப்பா என்று பார்க்க வேண்டும். விசையிலிருந்து பிரிந்து திரும்பும் தனித் தகடு இல்லாதது, பாகங்கள் கடினமான எஃகில் துல்லியமாக வெட்டப்பட்டது, சேஃப்டி சியரை மட்டுமல்லாமல் விசையையும் பூட்டுவது ஆகியவை நல்ல அடையாளங்கள். சேவேஜ் நிறுவனம் 2002-இல் கொண்டுவந்த விசையில், நடுவில் உள்ள மெல்லிய அலகை விரல் அழுத்தாதவரை சியர் விடுபட முடியாது. லேசான இழுப்பும் அதிர்வைத் தாங்கும் தன்மையும் ஒரே விசையில் சேரலாம் என்பதை அது காட்டியது.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை என்பதற்கும் ரெமிங்டனே சாட்சி. கனெக்டர் தகடு இல்லாத புதிய விசையை, எக்ஸ்-மார்க் புரோ என்ற பெயரில், அந்நிறுவனம் 2006 முதல் பொருத்தத் தொடங்கியது. பழைய ஐயங்களுக்கு அதுவே விடையாகக் கருதப்பட்டது. 2014 ஏப்ரலில் அந்த விசை பொருத்திய ரைஃபிள்களையும் நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. வடிவமைப்பு காரணமில்லை, பாகங்களைப் பூட்டும்போது இட்ட ஒட்டுப்பொருள் சிலவற்றில் அளவு மீறிவிட்டது. சிறு துளி பசை போதுமாக இருந்தது. ஆகவே நம்பகம் வரைபடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. பொருத்துபவரின் கையிலும், திருகை எவ்வளவு திருப்பினார் என்பதிலும், அதன்மேல் எந்த எண்ணெயை ஊற்றினார் என்பதிலும் அது இருக்கிறது. திருகுகளைத் தாமே திருப்பி விளிம்பின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைச் செய்தவர் அந்த நிமிடத்திலிருந்து தயாரிப்பாளரின் இடத்தில் அமர்ந்துவிடுகிறார்.

பொருத்திய பிறகு, தோட்டா இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. போல்ட்டைப் பலமுறை வேகமாக மூடிப் பார்ப்பது. சேஃப்டி போட்ட நிலையில் விசையை இழுத்து விட்டு, பிறகு விரலை அகற்றிவிட்டுச் சேஃப்டியை விடுவிப்பது. துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டிப் பார்ப்பது. எதிலும் சுடுமுள் விழக் கூடாது. ஒரே ஒரு முறை விழுந்தாலும் அந்த விசை தோற்றுவிட்டது. அடுத்த ஐம்பது முறை விழாததைக் காட்டி அதை மன்னிக்க முடியாது. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கமான சாமி (SAAMI), இவ்வகைச் சோதனைகளுக்குத் தர அளவுகள் வைத்திருக்கிறது. சேஃப்டி போட்ட துப்பாக்கியை நான்கடி உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது அவற்றில் ஒன்று. அவையெல்லாம் தயாரிப்பாளர் தாமே ஏற்றுக்கொள்பவை. பொம்மையையும் ரொட்டி வாட்டும் கருவியையும் திரும்ப அழைக்க ஆணையிடும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிமேல் அதிகாரம் கிடையாது. 1970-களிலேயே அந்நாட்டுச் சட்டமன்றம் அதை விலக்கிவிட்டது. பெரிக்ளீஸ் கேட்ட மூன்றாவது தரப்பு, போட்டியை நடத்துபவர், இங்கே நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார். அந்தக் காலி இடத்தின் பாரமும் வாங்குபவர்மேலேயே இறங்குகிறது.

நல்ல விசையின் பண்பாகப் போற்றப்படும் இன்னொன்று தத்துவத்தில் தனிக் குழப்பத்தை உண்டாக்கியது. விசையை மெல்ல மெல்ல அழுத்து, விடுபடும் நொடி உனக்கே வியப்பாக இருக்கட்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நொடியை முன்கூட்டி அறிந்தால் உடல் அதிர்வை எதிர்பார்த்துச் சுருங்கும், குறி தவறும். இதே அறிவுரையை வில்வித்தையில் கேட்ட ஜெர்மன் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகல், ஜப்பானில் ஆவா கென்சோவிடம் பயின்ற அனுபவத்தை 1948-இல் நூலாக எழுதி, எய்வது ‘நான்’ அல்ல, ‘அது’ எய்கிறது என்ற கருத்தை மேற்குலகில் பரப்பினார். அந்த நூலின் ஜென் விளக்கம் எவ்வளவு ஆவாவுடையது, எவ்வளவு மொழிச் சிக்கலில் பிறந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர் யமதா ஷோஜி பின்னர் கேள்வி எழுப்பினார். அதை விட்டுவிட்டாலும், ‘அது சுடுகிறது’ என்பதை ரைஃபிளுக்குக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொடியை விட்டுக்கொடுப்பவர் செயலை விட்டுக்கொடுத்துவிடவில்லை. இலக்கைப் பார்த்து, பின்னணியைப் பார்த்து, விரலை விசைமேல் வைத்தபோதே அவர் முடிவெடுத்துவிட்டார். அந்த வியப்பு, முடிவுக்கு உட்பட்ட சிறு இடைவெளிக்குள் நிகழ்வது. வாக்கர் விசை தந்த வியப்பு முடிவே இல்லாத இடத்தில் நிகழ்ந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது ஞானமாகத் தோன்றலாம், ஆனால் பொறுப்பை மழுங்கடிக்கும்.

எந்த விசையானாலும், குழல் பாதுகாப்பான திசையில் இருந்தால் தானாக வெடித்த தோட்டா ஆளைக் கொல்லாதே என்ற வாதம் மீதமிருக்கிறது. வழக்குகளில் தயாரிப்பாளர் தரப்பு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. சொன்னது உண்மைதான், சுடப் பயில்வோருக்கு முதலில் கற்பிக்கப்படும் விதிகளில் ஒன்று அது. ஆனால் அதிலிருந்து தயாரிப்பாளருக்கு விடுதலை வந்துவிடாது. பொறுப்பு, பங்கு பிரிக்கும் சொத்தைப் போல ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறைவதல்ல. குழலை எங்கே திருப்பினார் என்பதற்கு வைத்திருந்தவர் முழுமையாகப் பொறுப்பு; விரலின்றி வெடிக்கும் பொருளை விற்றதற்கு விற்றவர் முழுமையாகப் பொறுப்பு; மாற்று விசையைப் பொருத்தியவர் பொருத்தியதற்கு முழுமையாகப் பொறுப்பு. ஒருவரின் கவனம் மற்றவரின் அசட்டையை மறைக்கலாம்; போக்கிவிடாது.

ரெமிங்டனுக்கு எதிரான கூட்டு வழக்கில் எட்டிய உடன்பாடு சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளைத் தழுவியது. பல மாடல்களுக்கு விசையை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோரி வந்தவர்கள் மிகச் சொற்பம். கோரிக்கைக்கான காலம் 2020-இல் முடிந்தது. அதே ஆண்டில் நிறுவனம் இரண்டாம் முறையாகத் திவாலாகி விற்கப்பட்டது. பழைய வாக்கர் விசையோடு எஞ்சியிருக்கும் ரைஃபிள்களில் அதை மாற்றும் செலவும் கடமையும் இப்போது அவற்றை வைத்திருப்பவர்களுடையவை. மாற்றும்வரை அவற்றில் தோட்டா ஏற்றக் கூடாது.